ரங்கூன்–சென்னை: டிக்கெட்டில் ஏன் இவ்வளவு நேரம்?

வணக்கம் ஐயா. ரங்கூனிலிருந்து சென்னைக்கு இரண்டரை மணி நேரம் என்று இணையத்தில் பார்த்தீர்கள். அம்மாவின் டிக்கெட்டில் மாலை 5.30க்குக் கிளம்பி இரவு 12.15க்கு இறங்குவதாக இருக்கிறது, ஏஜென்ட் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்றவில்லை.

அந்த இரண்டரை மணி நேரம் நேராகப் பறக்கும் கணக்கு, சுமார் 1,770 கிலோமீட்டர். உங்களுடையது பாங்காக் வழி. சென்னை மேற்கே இருக்க, முதலில் தென்கிழக்கே 610 கிலோமீட்டர் போய், அங்கிருந்து இன்னும் 2,230 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். நடுவில் காத்திருப்பு வேறு. இன்னொன்று, சென்னை நேரம் ரங்கூன் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். அதனால் மொத்தப் பயணம் ஆறே முக்கால் அல்ல, ஏழே முக்கால் மணி நேரம்.

நேரத்தை விடுங்கள். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் உண்டு. இறங்குவதும் ஏறுவதும் ஒரே இடம்தானா என்று முதலில் பாருங்கள். வேறு வேறு என்றால் வயதானவரை அந்த நெரிசலில் அலையவிட வேண்டாம், டிக்கெட்டை மாற்றிவிடுங்கள். இரண்டு விமானங்களும் ஒரே புக்கிங்கில் இருக்கிறதா என்பதும் முக்கியம். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்து, தாய்லாந்து குடிநுழைவைத் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரலாம். விசாவையும் விசாரிக்க வேண்டும்.

அப்புறம், 12.15 என்பது மறுநாள் தேதி. சென்னையில் கூப்பிட வருபவரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள்.