கெக்கோவுக்குக் கல் வேண்டாம், தெர்மோஸ்டாட் வேண்டும்

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு ஆப்பிரிக்கக் கொழுவால் கெக்கோ என்ற பல்லி ஒன்று வாங்கினோம். கண்ணாடித் தொட்டி, மின்சாரச் சூட்டுக்கல், சிவப்பு பல்பு எல்லாம் ‘செட்’டாகக் கடையில் கொடுத்தார்கள். பதிவுச் சான்றிதழ் என்று ஒரு தாளுக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள். இந்த டிசம்பர் குளிரில் அது கல்லைவிட்டு நகர மாட்டேன் என்கிறது, சாப்பிடவும் இல்லை. அறைக்கு ஹீட்டர் போடலாமா? – வாசகி, அல்சூர், பெங்களூரு.

பதில்: அறைக்கு ஹீட்டர் வேண்டாம். முதலில் அந்தக் கல்லின் பிளக்கைப் பிடுங்குங்கள்.

அது மின்சாரத் தோசைக்கல். ஓரிடம் கொதிக்கும், பக்கத்திலேயே சில்லென்று இருக்கும். தொட்டிக் காற்று குளிர்ந்திருப்பதால் பிராணி வேறு போக்கிடமின்றி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வயிறு வெந்தாலும் இறங்காது. புண்ணோடு தூக்கிவருகிறவர்களிடம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ‘கடைக்காரர்தான் கொடுத்தார்.’ இன்று மாலையே வயிற்றைப் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ இருந்தால் ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள். அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. நாய், மாடு தாண்டி மருத்துவம் இருப்பதே நம் அமைப்புக்கு இன்னும் உறைக்கவில்லை.

சிவப்பு பல்பும் வேண்டாம். கெக்கோவுக்குச் சிவப்பு தெரியாது என்பது கடைக்கதை. மங்கிய ஒளியிலும் நிறம் பிரித்துப் பார்க்கிற கண் அதற்கு. அதோடு பல்பு காற்றை உலர்த்திவிடும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த இனத்துக்கு ஈரப்பதம் தேவை. குறைந்தால் உரியும் தோல் விரல்களில் இறுகி, விரலே போய்விடும்.

சரியான ஏற்பாடு எளிது. தொட்டி இரண்டடி நீளமாவது இருக்கட்டும். ஒரு பக்கத்து அடியில் மட்டும், மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய விரிப்பு) ஒட்டுங்கள். தொட்டியை ரப்பர் கால்களில் சற்றே தூக்கி வையுங்கள். மேட்டுக்கு மேலே உள்ளே ஒரு தரை ஓடு, அதன்மேல் கவிழ்த்த பாதி மண்சட்டி. எதிர்ப்பக்கம் தேங்காய் நார்த்தூளும் இன்னொரு சட்டியும். நடுவே ஈரமான நார்த்தூள் போட்ட மூடிய டப்பா, நுழைய ஒரு துளையோடு. சூடான பக்கத்தின் தரை 31, 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 டிகிரி அளவில் இருந்தால் போதும். எது வேண்டும் என்பதை அது நடந்து போய்த் தேர்ந்துகொள்ளும். மணல் போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் எனும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் ஹீட் மேட்டை ஒருநாளும் இணைக்காதீர்கள். ‘தானாகவே நிற்கும்’ என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டில் முட்டை அடைகாப்பானுக்கு விற்கும் எஸ்.டி.சி. 1000 போன்ற சாதாரணக் கருவியே போதும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு பெட்டிக்குள் அடக்கிப் பொருத்துங்கள். சென்சாரை அந்த ஓட்டின் அடியில் ஒட்டுங்கள். அது கழன்று வெளியே விழுந்தால் கருவி ‘குளிர்கிறது’ என்று நினைத்து மேட்டைச் சுட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். கண்ணாடியில் ஒட்டும் வண்ணப் பட்டை கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும்.

அடுத்து மின்தடை. இதில் எல்லோரும் பதறுகிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் குளிர்வதால் ஆரோக்கியமான கெக்கோவுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வயிறு நிறைய இரை இருக்கும்போது நீண்ட நேரம் குளிர்ந்தால் செரிக்காது, கக்கிவிடும். ஆகவே மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் முந்தின இரவிலும் இரை போடாதீர்கள். தடை நீண்டால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டிக்கு வெளியே, சூடான பக்கக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள். உள்ளே வைத்தால் அது இன்னொரு சூட்டுக்கல். மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்.

இனி, பதிவுச் சான்றிதழ் என்று தந்த அந்தத் தாளைப் பற்றி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தத்தின் நான்காம் அட்டவணையில் (சர்வதேச வணிகக் கட்டுப்பாடு உள்ள இனங்களின் பட்டியல்) உள்ள இனமானால், 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வளர்ப்பவரே பதிய வேண்டும். அதில் இல்லாத இனத்துக்கு அந்தப் பதிவே கிடையாது. எப்படிப் பார்த்தாலும் கடைக்காரர் லேமினேட் செய்து தரும் தாளுக்கு மதிப்பில்லை. அட்டவணை முழுக்க அறிவியல் பெயர்கள். பல்லி வாங்கும் குடும்பம் அதை எப்படிப் புரட்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். ‘ஹெமிதெகோனிக்ஸ் காடிசிங்டஸ்’ என்ற உங்கள் கெக்கோவின் அறிவியல் பெயரோடு பில் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை ‘பெரிய ரகம்’ என்று டோக்கே கெக்கோவைக் காட்டினால் வெளியே வந்துவிடுங்கள். அது நம் வடகிழக்கின் காட்டு விலங்கு, அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

சாப்பிடாததற்காக இப்போதே பயப்படாதீர்கள். வால் பருமனாக இருக்கும்வரை வளர்ந்த கெக்கோ சில வாரம் தாங்கும், வால் மெலிந்தால்தான் மருத்துவர். மேட்டைப் பொருத்தி, இரண்டு நாள் வெப்பநிலை நிலையாக நின்ற பிறகு, விளக்கணைத்த அறையில் ஒரு சிள்வண்டை விடுங்கள். அதுவரை மகன் அதைக் கையில் எடுக்க வேண்டாம்.