மலைக் கல்யாணமும் குரூப் போட்டோவும்

அன்புள்ள ஐயா,

கல்யாண மேடையைப் போட்டோக்காரர்கள் கைப்பற்றிவிட்டார்கள், தாலி கட்டுவதைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர்களுடைய முதுகுதான் தெரிகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். அதை என் மகள் படித்ததில் எனக்குத் தலைவலி. கார்த்திகையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் டேராடூன்காரர்கள். உத்தராகண்டில் உள்ள திரியுகிநாராயண் கோயிலில் முகூர்த்தம். இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது பேர்தான். ஆவணப்படம் போல எடுக்கும் ஒருவரை டில்லியிலிருந்து அழைத்துப்போகிறாள். அவர் யாரையும் நிற்கச் சொல்ல மாட்டாராம், சிரிக்கச் சொல்ல மாட்டாராம், குரூப் போட்டோவே கிடையாதாம். எண்பது வயது மாமியாரை அவ்வளவு தூரம் அழைத்துப்போய், அவரோடு சேர்ந்து நின்று ஒரு படம்கூட இல்லாமல் திரும்புவதா? நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, மயூர் விகார், டில்லி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் பக்கம் நியாயம் இருக்கிறது. உங்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

"சார், அப்படியே பிடியுங்கள், இங்கே பாருங்கள்" என்று மாப்பிள்ளையின் கையைத் தாலியோடு அந்தரத்தில் நிறுத்திவைக்கும் கூத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புரோகிதர் மந்திரத்தை முடித்துவிட்டுக் காத்திருப்பார். தவில்காரர் கெட்டிமேளத்தை நீட்டிக்கொண்டே போவார். அந்தப் படத்தில் இருவரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் முடிச்சுப் போட வரும் நாத்தனாரின் விரல்கள் தடுமாறுவதும், குறுக்கே வரும் பூச்சரத்தை ஒரு சித்தியின் கை தூக்கிப் பிடிப்பதும் அதில் இருக்காது. கல்யாணம் நடப்பது என்னவோ அங்கேதான். அந்தக் கைகளைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை உங்கள் மகள் தேடிப் பிடித்திருக்கிறாள் என்றால், சந்தோஷப்படுங்கள்.

ஆனால் நிற்கச் சொல்லாமல் எடுக்கிறவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வடக்கத்திப் போட்டோக்காரர் அக்னியைச் சுற்றும் ஃபேராவுக்குத் தயாராக இருப்பார். மாலை மாற்றுவதும் தாரை வார்ப்பதும் எப்போது வரும் என்று அவருக்கு யார் சொல்வது? சடங்குகளை வரிசையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். சப்தபதி உள்ள கல்யாணங்களில் ஏழாவது அடி வைத்ததும்தான் திருமணம் நிறைவடைகிறது என்கிறது 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம். நம் வீட்டுக் கல்யாணங்களில் தாலி ஏறியதும் போட்டோக்காரர்கள் பேட்டரி மாற்றப் போய்விடுகிறார்கள்.

மலைக் கல்யாணம் என்றாலே பலர் எடுப்பது மலையைத்தான். பனிமுகடு முக்கால் படத்தை அடைத்துக்கொள்ள, ஓரத்தில் எறும்பளவில் இரண்டு பேர். ஒரு படம் அப்படி இருந்தால் அழகு. ஆல்பம் முழுக்க இருந்தால் அது சுற்றுலாத் துறை காலண்டர். சிவன் பார்வதி கல்யாணம் நடந்த இடம் என்பது திரியுகிநாராயணின் ஐதீகம். அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சியாக இருந்த அக்னிதான் இன்னும் அணையாமல் எரிகிறது என்று நம்புகிறார்கள். பார்வதிக்கு அண்ணனாக நின்று சடங்குகளைச் செய்தவர் விஷ்ணுவாம். மதுரையில் மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பவரும் பெருமாள்தானே! அந்தக் கதையை உங்கள் மாமியாருக்கு அங்கே வைத்துச் சொல்லுங்கள். அப்போது அவர் முகத்தைப் போட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தால், பின்னால் மலை தெரிகிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கோயில் ஏறத்தாழ 1,980 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்வார்கள். வெளியிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்ததும் லென்ஸில் நீர் பூத்துவிடும் என்பதால், உள்ளே வருமுன்பே கேமராவைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, சற்று நேரம் விட்டுவிட வேண்டும். பனி விழுந்திருந்தால் கேமரா தானாக அளக்கும் ஒளியை நம்பக் கூடாது. வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கிவிடும். இதையெல்லாம் அவரிடம் கேட்டுப் பாருங்கள். மலையில் வேலை செய்தவரா, மலைப் படங்களைப் பார்த்தவரா என்பது தெரிந்துவிடும்.

இனி உங்கள் வழக்குக்கு வருகிறேன். கரோல் பாகிலும் ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்புகளிலும் பழைய தமிழ்க் குடும்பங்களின் சுவரில் ஒரு குரூப் போட்டோ தொங்கும். நாற்காலியில் பெரியவர்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் மாமாக்கள், முன்னால் ஜமக்காளத்தில் குழந்தைகள், தலையை ஆட்டி முகம் கலைந்துபோன ஒரு பையன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை அந்த வரிசையை வைத்தே சொல்லிவிடலாம். ஆவணம் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? யாரும் நடிக்கவில்லை, படம் எடுத்துக்கொள்ள வந்து நிற்கிறார்கள், படத்திலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

நிற்கச் சொல்லாமல் எடுக்கும் பாணிக்காரர்கள் பலருக்கும் குரு, பிரெஞ்சுப் போட்டோக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெசோன். 1948 ஜனவரி 30 அன்று இதே டில்லியில், பிர்லா மாளிகை வாசலில் நேரு காந்தியின் மரணத்தை அறிவிப்பதை அவர் எடுத்த படம் கலங்கலாகத்தான் இருக்கும். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. உங்கள் மகளின் ஆல்பத்திலும் சில கலங்கல் படங்கள் வரும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே கார்ட்டியே பிரெசோன் எழுத்தாளர்கள், ஓவியர்கள் வீட்டுக்குப் போய் ஏராளமான உருவப்படங்களும் எடுத்தவர். குருவே செய்ததில் சீடருக்கு என்ன தீட்டு?

அரை மணி நேரம் கேளுங்கள், போதும். தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதமும் ஆனபின், சாப்பாட்டுக்கு முன். மலைகளுக்கு நடுவே வெயில் தாமதமாக வந்து, முகட்டுக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். பஞ்சாங்கத்து அஸ்தமன நேரத்தை நம்பி மாலைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து நிறுத்தும் வேலையை வீட்டில் குரல் பெரிதாக உள்ள யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். போட்டோக்காரர் யாரையும் நிற்கச் சொன்னதாக ஆகாது. அவருடைய விரதமும் கெடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அந்த "வேறு ஒப்பந்தம்" அவர் நீட்டும் தாளிலேயே இருக்கக்கூடும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாமியாரின் படத்தை அவர் விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போடலாமா, கூடாதா என்பதையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.