வெறும் தட்டும் நன்றி அட்டையும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாகர்கோவில்காரி நான். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கணவர், ஐந்து வயது மகன், ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமியார் என்று நால்வர் இருக்கிறோம். பொங்கலன்று மாமியார் பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் வாசலிலேயே நின்று, பலமுறை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. மறுநாள் கழுவித் துடைத்த வெறும் தட்டு எங்கள் வாசற்படியில் இருந்தது. கூடவே ஒரு நன்றி அட்டை. "வெறும் தட்டைத் திருப்பித் தருகிற சனம். இவர்களுக்கு மனசே கிடையாது" என்கிறார் மாமியார். ஆனால் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு எடுத்து வைத்ததும், வந்த பார்சல்களை வாங்கி வைத்ததும் அந்த அம்மாள்தான். என் வார்டில் உள்ள ஆங்கிலேயத் தோழியோ, "உன் மாமியார் சொல்வது சரிதான், நாங்கள் எதையும் வெளிக்காட்டாத பிறவிகள்" என்று சிரிக்கிறாள். அவளே "ஒருநாள் வீட்டுக்கு வா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கூப்பிட்டதில்லை. நூலகப் புத்தகங்களும் ஆளுக்கொன்று சொல்கின்றன. வெளியிலிருந்து வந்தவர்களை நம்புவதா, உள்ளூர்க்காரர்களை நம்புவதா? பக்கத்து வீட்டு அம்மாளை அழைக்கலாமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள மகளுக்கு,

அழை. அதில் தயக்கமே வேண்டாம். எப்படி அழைப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். அந்தத் தட்டை முதலில் பார்ப்போம்.

நம் வீடுகளில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு கைப்பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது வைத்துத் தருவோம். அந்த அம்மாளுக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருக்குச் சிறு வயதில் கற்றுக்கொடுத்தது வேறு. கிறிஸ்துமஸ் முடிந்ததும் பரிசு கொடுத்த ஒவ்வோர் அத்தைக்கும் மாமாவுக்கும் தனித்தனியாக நன்றி எழுதும்வரை குழந்தைகளை மேசையை விட்டு எழ விடாத வீடுகள் இங்கிலாந்தில் ஏராளம். நேரில் அத்தனை முறை நன்றி சொன்ன பிறகும், அட்டை ஒன்றைத் தேடி எடுத்து, உட்கார்ந்து, பேனாவால் எழுதி, மறுநாளே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்றால், தனக்குத் தெரிந்த மரியாதைகளில் உயர்ந்ததை அவர் செய்திருக்கிறார். உன் மாமியாரும் தனக்குத் தெரிந்த உயர்ந்ததைத்தான் செய்தார். இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே நாளில் ஒருவருக்கொருவர் மதிப்புச் செய்துகொண்டு, அதில் ஒருவர் மட்டும் புண்பட்டிருக்கிறார். அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

யாரை நம்புவது என்று கேட்டாய். வெளியிலிருந்து வருகிறவர் கண் கூர்மையானதுதான். ஆனால் அவர் பேச்சில் பாதி, தான் விட்டுவந்த ஊரைப் பற்றியது. பிரெஞ்சு அறிஞர் வோல்டேர் 1726-இல் நாட்டை விட்டு வெளியேறி லண்டன் போனார். அங்குள்ள வணிக மாளிகையில் யூதரும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒருவரை ஒருவர் நம்பி வியாபாரம் செய்வதை வியந்து எழுதினார். அந்த நாட்களில் இங்கிலாந்தில் கத்தோலிக்கர் அரசுப் பதவிக்கு வர முடியாது என்பது ஒருபுறம் இருக்க, அவர் எழுதியது தன் நாட்டாருக்கு உறைப்பதற்காக. நன்றாகவே உறைத்தது: 1734-இல் பாரிசில் அந்தப் புத்தகத்தை எரித்தார்கள்.

உன் மாமியார் வெறுப்பதும் அப்படித்தான். சனவரி மாதத்து நாட்டிங்ஹாமில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். நீயும் மகனும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, வாய்விட்டுப் பேச ஒரு வார்த்தைக்கு ஆளில்லாமல் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாகர்கோவில் அம்மாளை நினைத்துப் பார். "இவர்களுக்கு மனசே கிடையாது" என்று அவர் சொல்வதில் ஆங்கிலேயரைப் பற்றிய செய்தி கொஞ்சம்தான். தன் தனிமையைத்தான் அவர் உன்னிடம் சொல்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொள், மகளே. ஆங்கிலேயருக்காக அவரிடம் வாதாடாதே.

வெளியாள் ஒருவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நீரத் சௌத்ரி இருக்கிறார். இங்கிலாந்தைப் புத்தகங்களிலேயே படித்து வளர்ந்த வங்காளி எழுத்தாளர். 1955-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாக அங்கே போனார். இருந்தது ஐந்து வாரம். அத்தனை பெரிய கூட்டம் சத்தமே இல்லாமல் போவதும் வருவதும் அவரைத் திகைக்க வைத்தது. சந்தை இரைச்சலில் வளர்ந்த நமக்கெல்லாம் அந்த மௌனம் கோபம்போலத் தோன்றும். 1970-இல் ஆக்ஸ்போர்டில் குடியேறிய சௌத்ரி, 1999-இல் நூற்றொரு வயதில் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

இனி உன் தோழி. உள்ளூர்க்காரி சொல்கிறாளே என்று அதை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ளாதே. தன்னைத் தானே குறைத்துப் பேசுவது அங்கே ஒரு நாகரிகம். ஹங்கேரியிலிருந்து 1938-இல் பத்திரிகையாளராக வந்து லண்டனிலேயே தங்கிவிட்ட ஜார்ஜ் மிகேஷ், ஆங்கிலேயரைக் கேலி செய்து 1946-இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர்கள் கோபப்படவில்லை, விரும்பி வாங்கினார்கள். வரிசையில் நிற்பவர்கள், வானிலை பேசுபவர்கள், உணர்ச்சியை மறைப்பவர்கள் என்று பிறர் வரைந்த சித்திரத்தைத் தாங்களே ஆசையோடு மாட்டிக்கொள்வார்கள். அதனால் ஓர் எச்சரிக்கை: உன் தோழி அப்படிச் சொல்லும்போது நீயும் ஆமாம் போடாதே. மென்மையாக மறுப்பதுதான் அவள் எதிர்பார்க்கும் பதில்.

உள்ளிருந்து எழுதியவர்களில் நான் மிகவும் மதிப்பது ஜார்ஜ் ஆர்வெலை. அவரை முழு உள்ளாள் என்றும் சொல்ல முடியாது. பிறந்தது பீகாரில் உள்ள மோதிஹாரியில், 1903-இல். இளமையில் ஐந்து ஆண்டு பர்மாவில் போலீஸ் அதிகாரி. சொந்த நாட்டை எட்ட நின்று பார்த்த பழக்கம் அவருக்கு இருந்தது. ஜெர்மானிய விமானங்கள் தலைக்கு மேல் பறந்துகொண்டிருந்த நாட்களில் எழுதி 1941-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஆங்கிலேயருக்கே கண்ணில் படாத அளவுக்கு அவர்களோடு ஊறிப்போன ஒரு குணம் அவர்கள் வாழ்வின் அந்தரங்கம் என்கிறார். தோட்டம் போடுகிறவர்கள், தபால்தலை சேர்க்கிறவர்கள், புறா வளர்க்கிறவர்கள் என்று அடுக்கிவிட்டு, அவர்கள் கூடிச் செய்வதுகூட அரசோ அதிகாரமோ சொல்லி நடப்பதல்ல என்று காட்டுகிறார். எண்பது ஆண்டுக்கு மேலாகியும் உன் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் பழக்கம் வீட்டுக்குள் வந்த பிறகே தொடங்குகிறது. சோறு போட்டுவிட்டுத்தான் பெயரையே கேட்போம். அங்கே இருவருக்கும் நடுவில் ஒரு வேலை இருக்க வேண்டும். மண்வெட்டியோ, பாட்டுக்குழுவின் தாளோ, கழுவ வேண்டிய தேநீர்க் கோப்பைகளோ எதுவானாலும் சரி. கண்ணும் கையும் அந்த வேலையில் இருக்கும்போதுதான் வாய் திறக்கும். வாசல் கடைசியில்தான் வரும். சிலரிடம் வராமலே போகும். நட்பு அதனால் குறைந்ததாகாது.

இன்னொன்றையும் மறந்துவிடாதே. "ஆங்கிலேயர்" என்று ஒரே வார்த்தையில் அடக்குவது அவர்களுக்கே கடினம். பிராட்ஃபோர்டில் பிறந்த எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி 1933-இல் தன் நாட்டைச் சுற்றிவந்தபோது உங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் கூஸ் சந்தை என்ற திருவிழாவுக்கும் போயிருக்கிறார். திரும்பி வந்து, ஒன்றல்ல, மூன்று இங்கிலாந்துகளைப் பார்த்தேன் என்று எழுதினார்: தேவாலயங்களும் பண்ணை மாளிகைகளும் நிறைந்த பழையது, புகைபோக்கிகளும் ஆலைகளும் நிறைந்தது, பெரிய சாலைகளும் சினிமாக் கொட்டகைகளும் நிறைந்த புதியது. இன்று அந்தக் கணக்கும் போதாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 16.8 சதவீதம் பேர் ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே பிறந்தவர்கள். உன் மருத்துவமனையில் எத்தனை பேர் அப்படி என்று நீயே அறிவாய். பேச்சு, சாப்பாட்டு நேரம், படித்த பள்ளி எல்லாவற்றிலும் வர்க்கம் இருக்கிறது. லண்டன்காரர் நாட்டிங்ஹாமில் பல நேரம் உன்னைப்போலவே வெளியாள்.

இப்போது செய்ய வேண்டியது. தேதி இல்லாத அழைப்பு அங்கே அழைப்பே இல்லை. உன் தோழியின் "ஒருநாள் வா" அன்பான விடைபெறல், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "வருகிற ஞாயிறு மூன்று மணிக்குத் தேநீருக்கு வாருங்கள், ஐந்து மணிக்கு மகனை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும்" என்று முடிவு நேரத்தோடு சொல். எப்போது எழுந்து போவது என்று தெரிந்தால்தான் அவரால் நிம்மதியாக உட்கார முடியும். இலை போட்டு விருந்து வைத்துத் திணறடிக்காதே; தேநீர், நாலு வடை போதும். வடை சுடும்போது மாமியார் அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டு, மாவில் ஓட்டை போடச் சொல்லட்டும். இருவருக்கும் பொதுமொழி இல்லாவிட்டால் குற்றமில்லை.

வார்டில் தேநீர் முறையை விடாதே. உனக்குப் போடும்போது மற்றவர்களையும் கேட்டுப் போட்டுக் கொடு. வேலை முடிந்து பப் என்ற மதுக்கடைக்குக் கூப்பிட்டால் போ. ஆரஞ்சு ஜூஸ் குடித்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் உன் முறை வரும்போது எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கத் தவறினால் நினைப்பார்கள்.

மாமியாருக்கு மண்ணில் கை வைக்கும் பழக்கம் உண்டா? உங்கள் ஊரில் செயின்ட் ஆன்ஸ் என்ற இடத்தில் சுமார் 75 ஏக்கரில் மக்கள் வாடகைக்கு எடுத்துப் பயிரிடும் தோட்டங்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வருபவை. ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேலி, தனிக் கதவு, அங்கேயும் அந்தரங்கம்தான். ஆனால் ஆகஸ்டில் சுரைக்காய் இனத்துக் காய்கள் தின்று தீராமல் காய்க்கும்போது, அந்த வேலிக்கு மேலாகத்தான் கைமாறும். 1908-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெரும்பாலான உள்ளூராட்சிகளை, மக்கள் கேட்டால் இப்படி நிலம் ஒதுக்கக் கடமைப்படுத்துகிறது. இடம் கிடைக்கப் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். இன்றே பெயரைக் கொடுத்துவிடு; மாமியார் அடுத்த முறை வரும்போதாவது உதவும். அதுவரை, கூஸ் சந்தை நடக்கும் அதே ஃபாரஸ்ட் மைதானத்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பார்க்ரன் என்ற பொது ஓட்டம் நடக்கும். ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. ஓட முடியாதவர்கள் நடக்கலாம். தொண்டராக நின்று வருகிறவர்களுக்குக் கை தட்டவும் ஆள் தேவைப்படுகிறது. மாமியாருக்கு நல்ல கம்பளிக் கோட்டாக வாங்கிக் கொடுத்து, மகனோடு அழைத்துப் போ.

அன்புடன்,
அம்மா