5 பாத்தில் முடிகிற படத்துக்கு 4,500 ரூபாயா?

கேள்வி: டிசம்பர் நடுவில் குடும்பத்தோடு 5 நாள் பாங்காக் போகிறோம். போன வருடம் சிங்கப்பூரில் ஆற்றில் படகு சவாரி போனபோது இரவில் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப்போய்விட்டன. அதற்காகவே இப்போது ஒரு நல்ல கேமரா வாங்கியிருக்கிறேன். எங்கள் டிராவல் ஏஜென்ட், "சாவ் பிரயா ஆற்றில் கேமராவில் படம் எடுக்க பர்மிட் வேண்டும். பர்மிட், தனிப் படகு, இரவு டின்னர் குரூஸ் எல்லாம் சேர்த்து போட்டோ பேக்கேஜ், தலைக்கு 4,500 ரூபாய்" என்கிறார். வாங்கலாமா? முக்காலி தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? தம்பியிடம் 249 கிராம் ட்ரோன் ஒன்று இருக்கிறது. எடை குறைவு என்பதால் அங்கே பிரச்சினை வராது என்கிறான். சரிதானா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அப்படி ஒரு பர்மிட்டே கிடையாது. ஊர் பார்க்க வந்தவர் கரையிலோ பாலத்திலோ பொதுப் படகிலோ நின்று தன் ஆசைக்குப் படம் எடுக்க யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. சினிமா, விளம்பரம் எடுப்பவர்கள் கதை வேறு, அது உங்களுக்கு வேண்டாம். உங்கள் ஏஜென்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்த பர்மிட்டை எந்த ஆபீஸ் கொடுக்கிறது? ரசீதில் அந்த ஆபீஸ் பெயர் இருக்குமா?" கேட்ட மறுநிமிடம் பர்மிட் காணாமல் போய் அதே தொகை 'சர்வீஸ் சார்ஜ்' என்று பெயர் மாறி நிற்கும். இதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டைக்குக் காசு பிடுங்குவதும் இதே வகை ஆட்கள்தான். 2025 மே 1 முதல், போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பித் தர வேண்டிய படிவம் அது. அரசு அதற்கு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆனால் இணையத்தில் தேடிப் பாருங்கள், கட்டணம் கேட்கிற தளங்கள் வரிசை கட்டி நிற்கும். இலவசம் என்று ஒரு படிவத்தைப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி ஊரே கடை விரிப்பதை வேடிக்கை பார்க்கும் நிர்வாகத்தை என்னவென்று சொல்வது! சரி, ஆற்றுக்கு வருவோம்.

சிங்கப்பூர் படங்கள் கலங்கியதற்கு உங்கள் பழைய கேமராவைத் திட்ட வேண்டாம். இருட்டில் போதுமான வெளிச்சம் சேர, கேமரா அரை நொடி, ஒரு நொடி திறந்தே இருக்க வேண்டும். போனில் நைட் மோடு என்றால் 2, 3 நொடி. அதற்குள் படகு ஒரு முழம் நகர்ந்தால் போதும், கரையிலுள்ள விளக்கெல்லாம் புழு மாதிரி நெளிந்துவிடும். ஓடும் படகில் நின்றால் புதுக் கேமராவும் இதையேதான் செய்யும். படகுப் படம் பகலுக்கு உரியது. பொழுது இருக்கும்போது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 250-இல் ஒரு பங்கு நொடியைத் தாண்டாமல் வைத்து எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். இருட்டிய பிறகு எடுக்க வேண்டியதைக் கரையிலிருந்து எடுங்கள்.

இதில் பாங்காக்குக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. கடலின் ஏற்றவற்றம் சாவ் பிரயாவில் பாங்காக் வரை வந்து போகும். நீர்மட்டம் ஏறி இறங்குவதால் படகுத் துறைகள் பெரும்பாலும் மிதவைகளாகத்தான் இருக்கும். ஒரு சின்ன இரும்புப் பாலம் அதைக் கரையோடு இணைத்திருக்கும். பார்வைக்குக் கெட்டியான தரைதான். நம்பி முக்காலியை விரிப்பீர்கள். ஓர் எக்ஸ்பிரஸ் படகு கடந்து போனதும் முக்காலி, கேமரா, நீங்கள், பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர் எல்லாரும் சேர்ந்து ஆடுவீர்கள். முதல் முறை போனபோது தா தியன் துறையில் நான் ஒரு மாலை முழுக்க இப்படித்தான் தொலைத்தேன். நாற்பது படம், நாற்பதும் குப்பை. லென்ஸ்தான் பழுது என்று நினைத்து அறைக்கு வந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்! பத்தடி பின்னால் வந்து கான்கிரீட் கரையில் காலை ஊன்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அடுத்தது, எந்தக் கரையில் எந்த நேரத்தில் நிற்பது என்பது. நல்ல ஆற்றுப் படத்துக்கு முக்கால்வாசி இதுதான், இதற்குக் காசும் செலவில்லை. பாங்காக்கில் எல்லாரும் எடுக்க ஆசைப்படுவது வாட் அருண் கோவிலை. அது மேற்குக் கரையில் இருக்கிறது. அரண்மனையும் பழைய நகரமும் கிழக்குக் கரையில். காலையில் கிழக்குக் கரையில் தா தியன் பக்கம் நின்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கோபுரம் முழுக்கப் பதித்திருக்கும் சீனப் பீங்கான் துண்டுகள் அந்த வெளிச்சத்தில் மின்னும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும், கோபுரம் கருநிழலாகத் தெரியும். அருணன் பெயரைத் தாங்கிய விடியல் கோவில் அது. ஆனால் உலகம் அதைப் படம் எடுப்பதெல்லாம் அந்தியில்தான்.

மார்கழியில் சூரியன் தெற்கே ஒதுங்கிப் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் கோபுரத்துக்கு நேர் பின்னால் சூரியன் விழ, கிழக்குக் கரையில் கொஞ்சம் நடந்து இடம் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே கரையை மொட்டைமாடி உணவகங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. முன்பதிவு, குறைந்தபட்சச் செலவு என்றெல்லாம் கேட்பார்கள். ஒரு ஜூஸ் குடித்துக்கொண்டே எடுக்க மனமிருந்தால் போங்கள், இல்லையென்றால் தா தியனை ஒட்டியிருக்கும் நாகராபிரோம் பூங்கா போதும். இலவசம், தரையும் ஆடாது.

டிசம்பர் நடுவில் மாலை 5.50 வாக்கில் சூரியன் மறையும். மறைந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் அசையாதீர்கள். அதற்கடுத்த கால் மணி நேரத்தில்தான் வானம் கருநீலமாகி, கோபுரத்தின் விளக்குகளும் எரியத் தொடங்கி, இரண்டும் ஒரே படத்தில் அடங்கும். சென்னையும் பாங்காக்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் நம் ஊர் மாதிரியே அங்கேயும் பொழுது சட்டென்று கருத்துவிடும். கோடையில் பாரிஸில் சேன் நதிக்கரையில் நிற்பவர்களுக்கு அந்த நீலம் ரொம்ப நேரம் நிற்கும், காபி குடித்துவிட்டு வரலாம். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 5.30-க்கே இடம் பிடித்து முக்காலியைப் போட்டுவிடுங்கள். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 8, ஷட்டர் இருட்ட இருட்ட 4 முதல் 8 நொடி. விரலால் அழுத்தாமல் 2 நொடி டைமரில் எடுங்கள். கலங்கிய பழுப்புத் தண்ணீர் அந்த 8 நொடியில் வழவழவென்று ஆகிவிடும், குறுக்கே போகும் படகுகள் வெளிச்சக் கோடுகளாக விழும்.

இன்னொரு இடம், பிரா போக் கிளாவ் பாலத்தின் நடுவில் இருக்கும் நடைபாதைப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கே ரயில் விடுகிறோம் என்று கட்டத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள். பல வருடம் சும்மா கிடந்த அந்தக் கட்டுமானத்தின் மேல் 2020-இல் செடி நட்டுத் திறந்தார்கள். ஆற்றின் நட்டநடுவில் நின்று, மணல் ஏற்றிய பார்ஜுகளை (தட்டையான சரக்குப் படகுகளை) ஒரு குட்டி இழுவைப் படகு இழுத்துக்கொண்டு போவதை மேலிருந்து எடுக்கலாம். இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வண்டிகள் போகும்போது பாலம் லேசாக அதிரும், இடைவெளி பார்த்து அழுத்துங்கள்.

தனிப் படகு வேண்டாம். தா தியனிலிருந்து வாட் அருணுக்கு ஆற்றைக் கடக்கும் படகு 5 பாத், நம் காசில் 15 ரூபாய் அளவில். அதிலேயே நான்கு தரம் போய் வாருங்கள். ஆற்றின் நீளத்துக்கும் போக ஆரஞ்சுக் கொடி கட்டிய எக்ஸ்பிரஸ் படகு இருக்கிறது. நான் கடைசியாகப் போனபோது எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 16 பாத். சாத்தோன் துறையில் ஏறினால் பாதி நகரத்தைப் பார்த்துவிடலாம். ஆனால் துறைக்குப் போகும் வழியில் ஒருவர் உங்களை நிறுத்துவார். நல்ல சட்டை, கழுத்தில் அட்டை. "இன்று கோவில் மூடல், விசேஷ பூஜை. மத்தியானம்தான் திறக்கும். அதுவரை என் நண்பன் படகில் சுற்றிக்காட்டுவான்" என்பார். கோவில் திறந்தே இருக்கும். அந்த ஆளுக்குப் பதில்கூடச் சொல்லாமல் நடந்து டிக்கெட் கவுன்டர் வரை போய்விடுங்கள். பேசத் தொடங்கினால் அவர் கமிஷனுக்காகக் கூட்டிப்போகும் நகைக்கடையில்தான் போய் முடியும். கால்வாய்களுக்குள் போக நீள்வால் படகு (பின்னால் நீண்ட தண்டோடு மோட்டார் வைத்த ஒல்லிப் படகு) பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஏறும் முன்பே மூன்றைக் கேளுங்கள்: சொன்ன விலை படகுக்கா தலைக்கா, எத்தனை நிமிடம், இறங்கும் துறையில் தனியாகக் காசு கேட்பார்களா. மூன்றாவதைக் கேட்காமல் ஏறித்தான் பல பேர் மாட்டுகிறார்கள்.

டின்னர் குரூஸில் சாப்பிடலாம், ஆடலாம், படம் மட்டும் எடுக்க முடியாது. படகே விளக்கு மயமாக இருக்கும், கண்ணாடியில் உங்கள் முகமும் பக்கத்து மேசை இறாலும்தான் தெரியும்.

ட்ரோன் விஷயத்தில் தம்பி சொல்வது இந்தியாவில் பாதி சரி, தாய்லாந்தில் முழுத் தப்பு. நம் ஊரில் 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். அதனால்தான் கம்பெனிகள் 249 என்று பெட்டியில் பெரிதாகப் போடுகின்றன. தாய்லாந்தில் கேமரா இருந்தாலே பதிவு, எடையைப் பற்றிப் பேச்சே இல்லை. 249 கிராமானாலும் பதிவு, 100 கிராமானாலும் பதிவு. அதுவும் ஒரு இடத்தில் இல்லை. அலைவரிசைக்காகத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் ஒன்று, பறப்பதற்காக சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் ஒன்று, கூடவே மூன்றாம் நபர் காப்பீடு. இவ்வளவையும் முடித்துவிட்டாலும் வாட் அருண் பக்கம் பறக்க முடியாது. எதிர்க்கரையில் அரண்மனை, கோவிலை ஒட்டியே கடற்படைத் தலைமையகம். எந்த நாட்டில் விடுவார்கள்? 2025 ஜூலை இறுதியில் கம்போடிய எல்லையில் சண்டை வந்தபோது நாடு முழுக்கவே ட்ரோனுக்குத் தடை போட்டார்கள், பதிவு செய்தவர்களும் பெட்டியை மூடிவைக்க வேண்டியதாயிற்று. "அங்கே நிறையப் பேர் பறக்கவிடுகிறார்களே" என்று தம்பி வீடியோ காட்டுவான். பிடிபட்டவர்கள் வீடியோ போடுவதில்லை என்று சொல்லுங்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும்.

புதுக் கேமராவுக்கு மட்டும் ஒரு வேலை இருக்கிறது. திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கியதா?" என்று நம் சுங்கத்தில் கேட்டால் கையில் பதில் வேண்டும். போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு விமான நிலையத்தில் நான் அதைக் கேட்டபோது, அப்படி ஒன்று உண்டா என்று அந்த அதிகாரி என்னையே திருப்பிக் கேட்டார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு பழைய படிவத்தைத் தேடி எடுத்தார்கள். வாங்க நேரமில்லையென்றால் கடை பில்லையாவது சீரியல் நம்பரோடு கையில் வைத்திருங்கள், ஒரு நகலைப் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

முக்காலி கட்டாயம் வேண்டும், ஒன்றரை கிலோவுக்குள் இருந்தால் போதும். அதைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும்.