உடலைப் புதுப்பித்துக்கொள்ளும் நாயகன் ஒவ்வொரு முறையும் இளமையாக வேண்டுமா?

கதை எழுதும் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கதையின் நாயகன் மயிலாப்பூர்க்காரர், வயது 64, மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். சாகும் தறுவாயில் அவர் உடல் தானாகப் புதிதாகிவிடும். அப்போது வயதும் குறைய வேண்டுமா?

வேண்டியதில்லை. பழுது சரியாவது வேறு, வயது குறைவது வேறு. கல்லீரலில் பாதிக்கு மேல் தானம் கொடுத்தவருக்கும் சில மாதங்களில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அதனால் அவர் வயது ஒரு நாள்கூடக் குறைவதில்லை. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் மாறிவிடுகின்றன, மேல்தோல் ஒன்றிரண்டு மாதத்தில் மாறிவிடுகிறது. ஆனாலும் சுருக்கம் விழுகிறது. புது செல்லைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்லுக்கும், அடித்தோலுக்கும் வயதாகிவிடுவதுதான் காரணம்.

வயதையே பின்னோக்கித் திருப்ப வழி உண்டா என்றால், செல் அளவில் உண்டு. 2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எலியின் தோல் செல்லைக் கரு நிலை போன்ற நிலைக்குக் கொண்டுபோனார். 2012-ல் நோபல் கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், முழுக்கத் திருப்பினால் தோல் செல் தான் தோல் என்பதையே மறந்துவிடும். உயிருள்ள எலியில் அந்த மரபணுக்களை ஓடவிட்டபோது பலவகைத் திசுக்கள் கலந்த கட்டிகள் வந்தன. 2016-ல் வேகமாக மூப்படையும் எலிகளுக்கு அவற்றை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தூண்டி, ஐந்து நாள் நிறுத்திப் பார்த்தார்கள். கட்டி வரவில்லை, ஆயுளும் கூடியது. ஆகவே பளிச்சென்று ஒளிவந்து ஆள் மாறும் காட்சியை விடுங்கள். சில வாரங்கள் விட்டு விட்டுக் காய்ச்சல், அடங்காத பசி என்று எழுதினால் நம்பலாம்.

மூளையை மட்டும் தொடாதீர்கள். பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் பெரும்பாலும் பிறந்ததிலிருந்து கூடவே இருப்பவை. நினைவெல்லாம் அவற்றின் இணைப்பில்தான் இருக்கிறது. அதைப் புதிதாக்கினால் எழுந்து உட்காருபவர் வேறு ஆள். கண் வில்லையைத் தாராளமாகப் புதிதாக்கலாம். அவர் கண்ணாடி போடாமல் மாத்திரை அட்டையின் காலாவதித் தேதியைப் படித்துவிட்டுத் திகைக்கட்டும். வாசகருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பலர் கோட்டைவிடும் இடம் கைரேகை. அது கருவில் ஏறக்குறைய மூன்றாம் மாதத்துக்கும் ஐந்தாம் மாதத்துக்கும் இடையில் உருவாவது, மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே கரு இரட்டையருக்குக்கூட வேறுபடும். கருவிழி அமைப்பும் அப்படித்தான். மேல்தோல் மட்டும் உரிந்து வளர்ந்தால் பழைய ரேகையே திரும்பும். விரலே புதிதாக முளைத்தால் ரேகை வேறு. அப்புறம் ரேஷன் கடை மெஷின் அவரை ஏற்காது, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றும் சிக்கலாகும். மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்கள் டோக்கனை நீட்டும் இளைஞனைக் கண்டக்டர் சும்மா விடுவாரா?

கணக்கும் இடிக்கும். ஒவ்வொரு முறையும் 15 வயது குறைந்தால் 49, 34, 19, பிறகு 4. எழுபது கிலோ ஆள் நாலு வயதுக் குழந்தையானால் மிச்சமுள்ள ஐம்பது கிலோவுக்கு மேல் எங்கே போனது? சாகும் தறுவாயில் நாயகன் உடல் மாறி, வேறு நடிகர் அந்த வேடத்துக்கு வரும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரான ‘டாக்டர் ஹூ’ இந்த வலையில் சிக்கவில்லை. 1966-ல் 58 வயது ஹார்ட்னெல் 46 வயது ட்ரௌட்டனாக மாறினார். 2013-ல் முப்பத்தொரு வயது மேட் ஸ்மித்தின் இடத்துக்கு 55 வயது கபால்டி வந்தார். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

என்னைக் கேட்டால், எது செயலிழந்ததோ அந்த உறுப்பு மட்டும் இளமையாகட்டும். மாரடைப்பு என்றால் இதயத்துக்கு இருபது, மூட்டுக்கு அதே அறுபத்துநாலு. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காது, முட்டி மட்டும் வலிக்கும். ஆனால் பலமான இளம் இதயம் இறுகிப்போன பழைய ரத்தக்குழாய்களுக்குள் பாய்ச்சும்போது மேல் ரத்த அழுத்தம் எகிறும், பக்கவாத ஆபத்து கூடும். அடுத்த முறை அவர் எதனால் விழுவார் என்பதற்குத் தனியாக விபத்து எதையும் யோசிக்க வேண்டாம்.