‘தி’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ்வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் மெயில் எழுதும்போது சந்தேகம் வந்தாலே ‘தி’ போட்டுவிடுகிறேன். மேலதிகாரி பாதியை அடித்துவிடுகிறார். மனப்பாடம் செய்ய விதிகள் உண்டா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: விதிகள் இருக்கின்றன அம்மா. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களிடம் முதலிலேயே விதிப்பட்டியலை நீட்டுவது அநியாயம் என்பேன். ‘தி’ செய்கிற வேலையைத் தமிழில் நீங்கள் தினமும் செய்கிறீர்கள்.

‘புடவை வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புடவை. ‘புடவையை வாங்கிவிட்டேன்’ என்றால், எந்தப் புடவை என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். முதலாவது ‘எ சாரி’, இரண்டாவது ‘தி சாரி’. அந்த ‘ஐ’யை எங்கே சேர்ப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் நீங்கள் தவறுவதில்லை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எழுவாயில் ‘ஐ’ வராது, ஆட்களைக் குறிக்கும் சொற்களில் எப்படியும் வந்துவிடும். அங்கெல்லாம் ஒன்றை யோசியுங்கள்: படிப்பவர் ‘எது?’ என்று திருப்பிக் கேட்பாரா? கேட்பார் என்றால் ‘தி’ வேண்டாம். ‘வீ ஸென்ட் எ சாம்பிள் ஆன் மண்டே’ என்று எழுதிவிட்டால், அடுத்த வரியில் அது ‘தி சாம்பிள்’.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பொதுவாகப் பேசும் இடத்தில். ‘காட்டன் இஸ் சாஃப்ட்’ என்பது உலகத்துப் பருத்தி முழுவதையும் பற்றிய பேச்சு; ‘தி’ கூடாது. ‘தி காட்டன் வீ பாட் லாஸ்ட் வீக்’ என்பது உங்கள் குடோனில் இருக்கும் பருத்தி. மேலதிகாரி அடிப்பதில் பெரும்பகுதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் இதை மட்டும் கவனித்து எழுதுங்கள்.

பெயர்களுக்கு மட்டும் மனப்பாடம்தான் வழி. ஆறு, கடல், மலைத்தொடருக்கு ‘தி’ உண்டு: தி காவேரி, தி ஹிமாலயாஸ். தனிச் சிகரமான எவரெஸ்ட்டுக்குக் கிடையாது. நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம். தி நெதர்லாண்ட்ஸ், தி பிலிப்பைன்ஸ், தி யுனைடெட் ஸ்டேட்ஸ் போன்றவற்றுக்கு வேண்டும். முன்பெல்லாம் ‘தி யுக்ரெயின்’ என்று எழுதுவார்கள். 1991இல் அது தனி நாடானபின் அந்தத் ‘தி’ மெல்ல உதிர்ந்தது. ‘தி’ சேர்த்தால் இன்னொரு நாட்டின் ஒரு பகுதி போல ஒலிக்கிறது என்று அந்நாட்டவர்கள் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அங்கே சரக்கு அனுப்பினால் வெறும் ‘யுக்ரெயின்’ என்றே எழுதுங்கள்.

படிக்க மாணவி போவது ‘டு ஸ்கூல்’. ஃபீஸ் கட்ட அம்மா போவது ‘டு தி ஸ்கூல்’. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை பிரிட்டிஷ்காரர் ‘இன் ஹாஸ்பிடல்’ என்பார், அமெரிக்கர் ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்பார். இரண்டும் சரி, உங்களிடம் சரக்கு வாங்கும் பையர் எந்த ஊர்க்காரரோ, அவர் வழக்கத்தையே பின்பற்றுங்கள்.