தொங்கும் கார் கூரைத் துணி: பசை மட்டும் போதாது

பழைய ஹோண்டா சிட்டியில் கூரைத் துணி தொங்கித் தலையில் உரசுகிறது, ஊசி வழியாக ஃபெவிகால் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். துணி கெடவில்லை, அதன் முதுகில் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச்தான் சூட்டில் பொடியாகிவிட்டது; விரலால் தேய்த்தால் உதிரும், அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது.

சன் வைசர், கைப்பிடி, விளக்கு எல்லாம் கழற்றி, சீட்டைச் சாய்த்து, துணி ஒட்டியிருக்கும் கூரை போர்டை இரண்டு பேராக வெளியே எடுங்கள் (மடங்கினால் போச்சு). பழைய ஸ்பாஞ்சை பிரஷ்ஷால் முழுக்கச் சுரண்டுங்கள், இதுதான் எரிச்சலான வேலை, மாஸ்க் கட்டாயம். அப்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டிய புதுத் துணி, சூடு தாங்கும் ஸ்ப்ரே பசை. போர்டிலும் துணியிலும் அடித்து, லேசாகக் காய்ந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டே போங்கள். துணியும் பசையும் வாங்க, சென்னை என்றால் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள்.